இரண்டு அவ்ரோக்கள்

2007 ஒக்ரோபர் 18ஆம் திகதி, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள புரண்டிங்தோர்ப் ஓடுபாதையிலிருந்து ஒரு பழைய குண்டுவீச்சு விமானம் மீண்டும் எழும்பியது. அவ்ரோ வல்கன் இனத்தைச் சேர்ந்த அதன் இலக்கம் எக்ஸ்எச்558. 1993இல் அதே ஓடுபாதையில் வந்து இறங்கியபோது, இனி இது பறக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதை மறுபடி பறக்கவைக்கச் சுமார் 7 மில்லியன் பவுண் செலவானது. ஏறக்குறைய 2.7 மில்லியன் பாரம்பரிய லொத்தர் நிதியத்திலிருந்து வந்தது. மிகுதியில் பெரும்பகுதி ஆட்கள் கொடுத்த காசு. 2006 ஓகஸ்டில் கையில் ஒன்றுமில்லாமல் திட்டத்தைக் கைவிடும் கட்டம் வந்தபோது, சேர் ஜக் ஹேவார்ட் என்ற செல்வந்தர் அரை மில்லியன் கொடுத்து அதைக் காப்பாற்றினார். ஆனால் அவரைப் போன்றவர்களை நம்பி மட்டும் அந்த வேலை நடக்கவில்லை. ஐந்தும் பத்துமாக அனுப்பிய ஓய்வூதியக்காரர்களும் பாடசாலைப் பிள்ளைகளும்தான் அதைத் தாங்கினார்கள்.

ஊரழிக்கச் செய்த ஒரு பொறியைப் பறக்கவைக்க ஊர்க்காசு சேர்க்கலாமா? இந்தக் கேள்வியை நான் பல வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். அதை வைத்துப் பாதுகாக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சுலபம். லண்டனில் கொலின்டேல் நிலையத்தில் இறங்கி நடந்தால் விமானப்படை நூதனசாலையில் இன்னொரு வல்கன் நிற்கிறது. நுழைவுக்குக் காசில்லை. மழை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். அது நிற்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நிற்பதற்கும் பறப்பதற்கும் இடையில்தான் என் கேள்வி இருக்கிறது.

முதலில் காசைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தக் காசு எங்கள் கைகளுக்கு ஊடாகவும் போனது. பிரித்தானியாவில் தேசிய லொத்தர் 1994 நவம்பரில் தொடங்கியது. லண்டனில் தமிழர் நடத்தும் மூலைக்கடைகளில் லொத்தர் இயந்திரம் இல்லாத கடை குறைவு. நானும் ரூட்டிங்கில் அப்படி ஒரு கடையில் மாலை நேரங்களில் ரில்லில் நின்றிருக்கிறேன். அப்போது ஒரு பவுண் ரிக்கெற்றில் கடைக்காரருக்கு ஐந்து பென்ஸ். இருபத்தெட்டுப் பென்ஸ் அளவில் ‘நற்காரியங்களுக்கு’ என்று போனது. சனிக்கிழமை பின்னேரம் வரிசையில் நிற்பவர்களில் பணக்காரர் யாரும் இல்லை. துப்புரவு வேலை முடித்து வரும் கானா நாட்டுப் பெண்கள், போலந்துக் கட்டடத் தொழிலாளர்கள், பேருந்துச் சாரதிகள், எங்கள் ஆட்கள். தாங்கள் வாங்கிய எண்களுக்குள் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் ஆணியும் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. பொதுக்காசு என்றால் அப்படித்தான், கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் அதைச் செலவழிப்பவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

போர்விமானத்துக்கு எங்களிடம் காசு வாங்கியது இது முதல் தடவையும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படையின் 102ஆம் அணிக்கு ‘சிலோன்’ என்றும் 264ஆம் அணிக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றும் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து போன நன்கொடைக்கு நன்றியாக. சிலோன் அணி ஜேர்மன் நகரங்கள்மேல் இரவில் குண்டு போட்டது. தேயிலைத் தோட்டத்திலோ நெல்வயலிலோ நின்றவர்களிடம் அதற்குச் சம்மதம் கேட்டிருப்பார்களா என்று நான் கேட்கத் தேவையில்லை.

சரி, வல்கன் எதற்குச் செய்த விமானம்? சோவியத் நகரங்கள்மேல் அணுகுண்டு போடுவதற்கு. எக்ஸ்எச்558 விமானப்படையிடம் கையளிக்கப்பட்டபோது முழுக்க வெள்ளை நிறம். அழகுக்காக அல்ல. தான் போட்ட குண்டின் வெளிச்சமே தன்னைச் சுட்டுவிடாமல் தெறித்துப் போவதற்காக. விமானிகளிடம் ஒற்றைக் கண்ணை மறைக்கும் துணியும் இருந்தது. ஒரு கண் அந்த வெளிச்சத்தில் அவிந்தாலும் மற்றக் கண்ணால் ஓட்டலாம். உள்ளே ஐந்து பேர். ஆசனத்தோடு வெளியே பாயும் வசதி முன்னாலிருக்கும் இரண்டு விமானிகளுக்கு மட்டும். 1956 ஒக்ரோபர் 1ஆம் திகதி, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணம் முடித்து வந்த ஒரு வல்கன் ஹீத்ரோவில் மழைக்குள் இறங்கும்போது விழுந்தது. விமானியும் கூட இருந்த உயரதிகாரியும் பாய்ந்து தப்பினார்கள். மற்ற நான்கு பேரும் இறந்தார்கள். அந்த வசதி பின்னாலிருந்தவர்களுக்கு அதன் பிறகும் கிடைக்கவில்லை. யாருடைய உயிருக்கு என்ன விலை என்பதை வரைபடத்திலேயே போட்டுவிட்ட விமானம் அது.

நல்லகாலம், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை ஒருநாளும் செய்யவில்லை. 1969இல் அணுவாயுதத்தின் முதன்மைப் பொறுப்பு நீர்மூழ்கிகளிடம் போனது. 1982 மே 1ஆம் திகதி இன்னொரு வல்கன், வானிலேயே பலதடவை எரிபொருள் வாங்கிப் போய், போக்லண்ட் தீவுகளின் ஓடுபாதையில் இருபத்தொரு ஆயிரம் இறாத்தல் குண்டுகளைப் போட்டது. வல்கன்கள் போரில் குண்டு போட்டது அந்தச் சில வாரங்களில் மட்டும்தான். அதனால் அதை நேசிப்பவர்களுக்கு ஒரு நல்ல வாதம் கிடைக்கிறது: எங்கள் வல்கன் சமாதானத்தைக் காத்த விமானம், பயன்படாமல் இருந்ததுதான் அதன் வெற்றி.

என்னோடு வேலை செய்த ஒரு ஆங்கிலேயர் இதைத்தான் சொன்னார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மாதம் பத்துப் பவுண் அந்த அறக்கட்டளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே மனிதர் ஈராக் போருக்கு எதிராக 2003இல் லண்டன் தெருவில் நடந்தவர். இதில் முரண் இருப்பதாக அவர் நினைக்கவில்லை; நானும் அவரைப் பாசாங்குக்காரர் என்று நினைக்கவில்லை. அவருக்கு அந்தச் சத்தம் வேண்டும். நான்கு ஒலிம்பஸ் இயந்திரங்களும் முழு வேகத்துக்கு வரும்போது ஒரு ஊளை கிளம்புமாம், நெஞ்செலும்புக்குள் கேட்குமாம். “நிற்கும் விமானம் பாடம்பண்ணி வைத்த பறவை மாதிரி,” என்றார். அதோடு அவர் சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பறக்கவைக்க வேண்டுமென்றால்தான் பழைய பொறியியலாளர்களைத் தேடிப்போய்க் கேட்பார்கள், இளையவர்கள் அவர்களிடம் படிப்பார்கள். நிறுத்திவைத்தால் பெயின்ற் அடிக்கத் தெரிந்தால் போதும். 2015இல் வல்கனின் பறப்பு முடிந்ததும் காசில்லாமல் அல்ல. அதன் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாயிருந்த நிறுவனங்கள் இனி உத்தரவாதம் தர இயலாது என்று விலகியதால்தான். அறிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இது எங்களுக்கு விளங்காத நியாயம் அல்ல. ஓடாத தேர் உளுத்துப்போகும் என்பது எங்களுக்குத் தெரியும். வெஸ்ற் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மனுக்கு ஓகஸ்டில் தேர் இழுக்கிறோம். அந்தத் தேருக்கும் காசு சேர்த்தோம். தேர் என்பது என்ன? யானை, குதிரை, காலாள் என்பவற்றோடு சேர்ந்து நால்வகைப் படையில் ஒன்று. அதன் சக்கரத்துக்குள் மனிதர் நசிந்தார்கள். பாரி முல்லைக்குக் கொடுத்ததும் ஒரு குறுநில மன்னனின் தேர்தான். இப்போது அதில் அம்மன் வருகிறாள், நாங்கள் வடம்பிடிக்கிறோம், ஒருவருக்கும் மனம் உறுத்துவதில்லை. ஏனென்றால் தேர்க்காலில் நசிந்தவனின் பிள்ளை கூட்டத்தில் இல்லை. கொலைப்பொறி திருவிழாவாக மாறுவது வழமைதான், அதற்குக் காலம் போகவேண்டும். வல்கனுக்குப் போன காலம் போதுமா என்றால், அது குறிவைத்த நகரங்களின் மக்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் குண்டு விழவில்லை. கணக்கில் யாருமில்லை என்று விட்டுவிடலாம்போல இருக்கிறது.

எனக்கு அப்படி விடமுடியாததற்குக் காரணம் அதன் பெயர்.

எக்ஸ்எச்558 முதலில் பறந்தது 1960 மே மாதம், மஞ்செஸ்ரருக்குப் பக்கத்திலுள்ள வூட்போர்ட் என்ற இடத்தில். ஒரு மாதம் கழித்து, ஜூன் 24ஆம் திகதி, அதே வூட்போர்ட்டில் அதே நிறுவனத்தின் இன்னொரு புது விமானம் முதல் தடவையாக எழும்பியது. அவ்ரோ 748. இரட்டை இயந்திரம், சிறிய ஓடுபாதையில் இறங்கக்கூடியது, ஏழை நாடுகளுக்கு ஏற்ற பயணிகள் விமானம். இந்தியாவில் கான்பூரிலும் செய்தார்கள். எயார் சிலோன் அதை வாங்கி இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஓடவிட்டது. எங்கள் பெரியவர்களில் சிலருக்கு முதல் விமானப் பயணம் அதுதான். “அவ்ரோவில போனனான்” என்று சொல்லும்போது மாமாவின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அந்த அவ்ரோதான் 1990இல் யாழ்ப்பாணத்தின் மேலே வந்தது. இலங்கை விமானப்படை அதைக் குண்டு போடப் பயன்படுத்தியது. அதற்கென்று குண்டறை இல்லாத பயணிகள் விமானம். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விமானங்களைப் பார்த்து அடையாளம் காணும் பழக்கமில்லை, சத்தம்தான். சியாமாசெற்றி என்றால் ஒரு இரைச்சல், ஹெலி என்றால் ஒன்று, அவ்ரோ என்றால் ஒன்று. என் அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது; இது தெரியும். பங்கருக்குள் எந்த நேரத்தில் இறங்குவது, சோற்றுப்பானையை அடுப்பிலிருந்து இறக்க நேரமிருக்கிறதா என்பதை அவர் காதால் முடிவுசெய்தார்.

ஒரே ஓடுபாதையில், ஒரே கோடைகாலத்தில் பிறந்த இரண்டு விமானங்கள். நகரங்களை எரிப்பதற்கென்று செய்தது கடைசியில் ஐஸ்கிறீம் நக்கும் பிள்ளைகளுக்கு மேலே பறந்து கைதட்டு வாங்கியது. ஆட்களை ஏற்றிப்போகச் செய்தது குண்டு போட்டது. ஆகவே ஒரு பொறியின் நோக்கம் அதன் உலோகத்துக்குள் இருக்கிறது, செய்தவன் எண்ணம் அதை விட்டுப் போகாது என்று வாதாட என்னால் முடியாது. அப்படிச் சொன்னால் வல்கன் குற்றவாளி, அவ்ரோ 748 சுத்தவாளி. அம்மம்மாவின் காது அதை ஒத்துக்கொள்ளாது.

கீழே நின்றவனுக்குத்தான் தீர்ப்புச் சொல்லும் உரிமை என்று வாதாடவும் தயக்கமாக இருக்கிறது. வல்கன் மறுபடி பறந்த அதே 2007இல், மார்ச் 26ஆம் திகதி, விடுதலைப்புலிகளின் சிறிய ஸ்லின் விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டன. மூன்று படையினர் இறந்தார்கள். லண்டனில் அன்று காலை தொலைபேசி ஓயவில்லை. நான் போயிருந்த ஒரு வீட்டில் கைதட்டினார்கள். எங்களுக்கும் விமானம் இருக்கிறது என்று ஒரு முதியவர் அழுதார். அவர் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்த மனிதர். அந்தச் சத்தம் யாருடையது என்று தெரிந்ததும் காது மாறிவிட்டது. என் ஆங்கில நண்பரின் காதும் அப்படித்தான் வேலை செய்கிறது, அவ்வளவுதான். தலைக்கு மேலே தன்னுடையது பறந்தால் நெஞ்செலும்பு சிலிர்க்கும், அடுத்தவனுடையது பறந்தால் குடல் கலங்கும்.

இதனால்தான் நிற்கும் விமானத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் நான் வேறுபாடு பார்க்கிறேன். நிற்கும் விமானத்தின் பக்கத்தில் பேசலாம். வெள்ளைப் பெயின்ற் ஏன், மூன்று பேருக்கு ஏன் பாயும் ஆசனம் இல்லை, குண்டறை ஏன் இவ்வளவு நீளம் என்று பிள்ளை கேட்கும், நாங்கள் சொல்லலாம். பறக்கும்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை, கேட்டாலும் காதில் விழாது. சிலிர்ப்பு மட்டும்தான். அந்தச் சிலிர்ப்பை வேண்டுபவர்கள் தங்கள் காசில் வாங்கட்டும். மாதம் பத்துப் பவுண் கொடுப்பவருக்கு அதில் முழு உரிமை உண்டு. ரூட்டிங் கடையில் வரிசையில் நின்ற பெண்ணின் இருபத்தெட்டுப் பென்ஸ் போகவேண்டிய இடம் அது அல்ல. அந்தக் காசு கதை சொல்லும் பக்கத்துக்குப் போயிருக்கலாம். பொறியியல் அறிவு சாகக்கூடாது என்றால் அதற்கும் கொடுக்கலாம், பள்ளிக்கூடமாக. லொத்தர் நிதியமும் கல்வியைப் பற்றிப் பேசித்தான் கொடுத்தது என்பார்கள். இருக்கட்டும். வான்காட்சிக்குப் போனவர்களிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் நாற்பது வருடத்தில் பலாலியில் ஒரு அவ்ரோ 748ஐப் பறக்கவைக்கப் போகிறோம், எயார் சிலோன் நிறத்தில், உங்களால் இயன்றதைத் தாருங்கள் என்று யாராவது உண்டியல் குலுக்கினால் என்ன செய்வோம்? மாமா இருந்தால் கொடுப்பார். அம்மம்மாவின் பூட்டப்பிள்ளைகள் கொடுக்கலாம். அவர்களுக்கு அது ஒரு பழைய, அழகான விமானம். அவர்களைத் தடுக்க எனக்கு எண்ணமில்லை. கொடுக்கும் முன் அதன் சத்தத்தை வீட்டில் யாராவது ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

எக்ஸ்எச்558 2015 ஒக்ரோபரில் கடைசியாகப் பறந்து டொங்காஸ்ரரில் இறங்கியது. அந்த விமான நிலையம் 2022இல் மூடப்பட்டது. அதற்கு ஒரு கூரை போட மறுபடி காசு சேர்க்கவேண்டியிருக்கிறது என்று நண்பர் ஒருநாள் தேநீர் நேரத்தில் சொல்லிக் கவலைப்பட்டார். அன்றுதான் நான் அவரிடம் வூட்போர்ட்டின் மற்ற விமானத்தைப் பற்றிச் சொன்னேன். அது எங்கள் ஊரில் என்ன செய்தது என்பதையும். அவர் குறுக்கிடவில்லை. முடித்தபிறகு, “சத்தம் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். மெல்லிய சீழ்க்கை மாதிரி, தூரத்திலேயே தொடங்கும், பிறகு பல்லுக்குள் கூசும் என்றேன்.

“டார்ட்,” என்றார். “ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் இயந்திரம். அப்படித்தான் கூவும்.” சொன்னவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி கொஞ்சநேரம் குடிக்காமல் இருந்தார்.