தூக்கிய பிறகு

நெய்வேலியில் எடை தூக்குவதைப் பற்றி யாரும் அதிகம் பெருமையடித்துக்கொள்ள முடியாது. சுரங்கத்தில் சுழலும் பக்கெட் வீல் இயந்திரங்களில் பெரியவற்றின் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். ஈர மண்ணாக இருந்தால் ஒரு வாளியே ஏறக்குறைய இரண்டு டன். 2016 ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எட்டி ஹால் என்பவர் 500 கிலோவைத் தரையிலிருந்து தொடை உயரத்துக்குத் தூக்கி நிமிர்ந்தார். மூக்கில் ரத்தம் வழிய, அங்கேயே மயங்கிச் சரிந்தார். உலகம் வாய்பிளந்து பார்த்த அந்தக் கனத்தைப் போல நாலு மடங்கை இங்கே ஒரு வாளி அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது. கைதட்ட ஆளில்லை.

1934-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டப்போய்க் கறுப்பாக ஏதோ கிடைத்த கதையை நெய்வேலிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பார்கள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேலாக மண்ணை அகற்றவேண்டிய பூமி இது. மண்வெட்டியையும் கூடையையும் நம்பி இந்த வேலையில் இறங்கியிருக்கவே முடியாது. ஆக, தொடக்கத்திலிருந்தே மனிதத் தோளுக்குப் பெரிய கனத்தை மிச்சப்படுத்திய ஊர் என்று இதைச் சொல்லலாம்.

அப்படிப்பட்ட ஊரில் ஓர் இளைஞன் மாலையில் ஜிம்முக்குப் போய், 180 கிலோ இரும்பைத் தரையிலிருந்து எடுத்து, நிமிர்ந்து நின்று, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். எதுவும் இடம் மாறவில்லை. யாருக்கும் எதுவும் மிச்சமாகவில்லை. “இதெல்லாம் எதுக்குடா?” என்று அவன் அம்மா கேட்டால் அந்தக் கேள்வியைக் கிண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்க் கிராமத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையான, பிடிமானம் இல்லாத கல். குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுபோய், தோளுக்கு மேலாகப் பின்னால் தள்ள வேண்டும். தூக்கியவனுக்குத்தான் பெண் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. இப்போது பொங்கலுக்குப் பொங்கல் போட்டியாக நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளை போன்ற இடங்களில் பெண்களும் இறங்குகிறார்கள். இன்னொரு கல்லும் நம் சாலையோரங்களில் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்திய சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை இறக்கி வைக்கவும், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது நிற்கும். பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். முதல் கல்லில் பெயர் வாங்கியவர்களை ஊர் நினைவில் வைத்திருந்தது. இரண்டாவது கல்லை நட்டவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது.

பவர்லிஃப்டிங் வெளியிலிருந்து பார்த்தால் இளவட்டக்கல்லின் நேர் வாரிசு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்றே தூக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, மூன்று நடுவர்கள், மூன்றில் இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கு செல்லும். 1972-இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகியும் ஒலிம்பிக்கில் இதற்கு இன்னும் இடமில்லை. (பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு.) ஆனால் டெட்லிஃப்டில் ஒரு விதி இருக்கிறது, பார்வையாளர்கள் அவ்வளவாகக் கவனிக்காதது. தூக்கி நிமிர்ந்துவிட்டால் முடிந்துபோவதில்லை. நடுவர் கையைக் கீழே காட்டி ‘டவுன்’ என்று சொல்லும்வரை அசையாமல் நிற்கவேண்டும். பிறகு இரு கையும் தண்டை விடாமல் தரைவரை கொண்டுபோய் வைக்கவேண்டும். நிமிர்ந்த மகிழ்ச்சியில் தண்டைக் கைநழுவ விட்டால் சிவப்பு விளக்கு. தூக்கியது 300 கிலோவாக இருந்தாலும் கணக்கில் பூஜ்யம்.

மேடையில் இந்த விதியைப் பின்பற்றியவர்கள் ஏராளம். மேடைக்கு வெளியேயும், அதாவது பட்டமெல்லாம் வாங்கி முடித்த பிறகும், பின்பற்றியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் பிரஷஸ் மெக்கன்சியைத்தான் சொல்லவேண்டும்.

1978 ஆகஸ்ட், கனடாவின் எட்மன்டன் நகரம், காமன்வெல்த் போட்டி. பளுதூக்குதலில் 52 கிலோ பிரிவில் இந்தியாவின் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வென்றார். 56 கிலோ பிரிவில் நம் தமிழ்ச்செல்வனுக்கு வெள்ளி. அவருக்கு ஒரு படி மேலே நின்றவர் நாலே முக்கால் அடி உயரமுள்ள, 42 வயது நியூசிலாந்துக்காரர். 1966 கிங்ஸ்டன், 1970 எடின்பரோ, 1974 கிறைஸ்ட்சர்ச் மூன்றிலும் இங்கிலாந்துக்காகத் தங்கம் வாங்கிவிட்டு, நாலாவது தங்கத்தைப் புதிய நாட்டுக்காக வாங்க வந்திருந்தார். இடையில் மூன்று ஒலிம்பிக். பளுதூக்குதலோடு பவர்லிஃப்டிங்கிலும் உலகப் பட்டங்கள்.

பிறந்த நாட்டுக்காக அவரால் ஒரு பதக்கமும் வாங்க முடியவில்லை. 1936-இல், நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே டர்பன் நகரில் பிறந்தார். பிழைக்காது என்று நினைத்த நோஞ்சான் குழந்தை. அப்பாவை முதலை கொண்டுபோனது. வளர்ப்பு வீடுகளில் அடியும் பட்டினியும். சர்க்கஸில் சேர ஆசைப்பட்ட பையனின் கைக்கு இரும்பு வந்துசேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் எடைப் பிரிவில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற நிலையிலும், 1958 காமன்வெல்த் போட்டிக்கான அணியில் இடமில்லை. தோல் நிறம் தடுத்தது. பின்னால் இடம் தருவதாகச் சொன்னபோது, வெள்ளையரிடமிருந்து ஒதுங்கியே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு சொன்னார்கள். மாட்டேன் என்றார். 1964-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்ச் செருப்புத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார்.

இதுவரை வந்தது எந்த வீரர் வரலாற்றிலும் கிடைக்கும் பாதிதான்: ஏழ்மை, அவமானம், வெற்றி. சினிமா இங்கே முடிந்துவிடும். அடுத்த பாதிக்குப் பாட்டும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. நியூசிலாந்தில் மெக்கன்சி தேர்ந்துகொண்ட பிழைப்பு, தொழிலாளர்களுக்கு முதுகு பிடிக்காமல் எடை தூக்கக் கற்றுத்தருவது. வேலை நடக்கும் இடத்துக்கே போனார். பெட்டியும் மூட்டையும் தூக்குகிறவர்கள் முன்னால், அவர்களில் பலருடைய நெஞ்சளவுக்கு மட்டுமே வரும் ஒரு மனிதர் நின்று, எப்படிக் குனிவது, எங்கே பிடிப்பது என்று செய்துகாட்டினார். அந்த உயரத்துக்காரரிடமிருந்து வந்த பாடம் என்பதாலேயே அதை யாரும் ‘உடம்பு இருக்கிறவனுக்குத்தான் முடியும்’ என்று தள்ளியிருக்க முடியாது.

பாடம் எளியது. சுமை உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு இடுப்பின் மேல் பாரம் பெருகும். கை நீட்டிப் பிடித்த பத்து கிலோ, வயிற்றோடு அணைத்துப் பிடித்த பத்து கிலோவைப்போல் பல மடங்கு முதுகை இழுக்கும். டெட்லிஃப்ட் செய்கிறவர்களின் முன்காலில் தோல் உரிந்திருப்பது இதனால்தான். தண்டைக் காலோடு உரசியே மேலே கொண்டுவருவார்கள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, மூச்சை வயிற்றில் அடக்கி எழுவது, கனத்தோடு திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைப்பது. உலகப் பட்டத்துக்காக ஒருவர் இருபது வருடம் பழகியதும் ஒரு சுமைத் தொழிலாளிக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்படுவதும் ஒன்றே. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்வது அபூர்வம்.

நம் பக்கம் நிலைமை இதுதான். ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. சிமென்ட் மூட்டை 50 கிலோ. பரிந்துரைக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, எத்தனை படி, எந்த வெயிலில் என்பதை மூட்டையின் எடை சொல்லாது. ராட்சச இயந்திரங்கள் ஓடும் நெய்வேலியிலும் கடை வாசலிலும் கட்டட வேலையிலும் கனம் இன்னும் தோளில்தான் ஏறுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. 2024-இல் கோவையில் நடந்த ஒரு வலுதூக்கும் போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயதுப் பாட்டி 50 கிலோ டெட்லிஃப்ட் செய்தார். அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் தூக்கிப் பழகிய உடம்பு. பேரன்கள் ஜிம்முக்குப் போகிறவர்கள். அவர்கள் வழியாகத்தான் மேடை கிடைத்தது. கைதட்டினோம், சரி. ஆனால் அந்தக் குடங்களைத் தூக்கிய அறுபது எழுபது வருடங்களில் ஒருவரும் அதை வலு என்று எண்ணவில்லை என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரவேண்டும்.

‘தூக்கிய பிறகு என்ன’ என்ற கேள்வி நெய்வேலிக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. இங்கே ஓய்வுபெற்றவர் பணியை மட்டும் விடுவதில்லை, குடியிருந்த நகரிய வட்டத்தையும் குவார்ட்டர்ஸையும் வேப்ப மர நிழலையும் விட்டுவிட்டு வெளியே வீடு தேடவேண்டும். முப்பது வருடம் ஷிப்ட் பார்த்து, கன்வேயர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் காது, ஒரு நாள் காலையில் வடலூர்ப் பக்கம் ஒரு புது வீட்டுத் திண்ணையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். விளையாட்டு வீரனுக்கு இது இருபது வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. தொடையிலோ தோளிலோ ஒரு தசை பிய்ந்தால் அன்றே வரும். மெக்கன்சிக்கு வாய்த்த விடை எல்லோருக்கும் வாய்க்காது. அவர் அறுபதைக் கடந்தும் மூத்தோர் போட்டிகளில் தூக்கிக்கொண்டிருந்த உடல்வாகு ஒரு காரணம். அவரை அழைத்துக் கேட்கவும் கூலி கொடுக்கவும் நிறுவனங்கள் இருந்தன என்பது அதைவிடப் பெரிய காரணம். தனிமனிதரின் பெருந்தன்மை என்று மட்டும் இதைப் பாராட்டிவிட்டால் அந்த இரண்டாவது காரணம் மறைந்துபோகும்.

அந்த 180 கிலோ இளைஞன் நிறுவனத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய முப்பது. அதை வாசலிலிருந்து அடுப்படிக்கு அம்மா எப்படி இழுத்துப் போகிறார், எப்படிக் குனிகிறார் என்று ஒரு தடவை பார்த்தால் போதும், எங்கே தப்பு நடக்கிறது என்று அவன் கண்ணுக்கு உடனே தெரியும். ‘எதுக்குடா’ என்று கேட்டவரும் அவர்தானே.