அவரவர் பாடு

உங்கள் வீட்டில் பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருந்தால், இந்த உரையாடல் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

‘‘என்னடா, இன்னுமா அந்த கேம் முடியலை?’’

‘‘மெயின் ஸ்டோரி போன வாரமே முடிஞ்சிடுச்சுப்பா. இப்ப சைடு மிஷன் பண்ணிட்டிருக்கேன்.’’

‘‘அதைப் பண்ணினா என்ன கிடைக்கும்?’’

‘‘பெருசா ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான்...’’

அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ‘வெட்டி வேலை’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அவருக்குக் கிடைத்திருக்காது!

விளையாடிப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். பெரிய வீடியோ கேம்களில் கதாநாயகனுக்கு ஒரு தலையாய வேலை இருக்கும். ராட்சசனைக் கொல்லணும், இளவரசியை மீட்கணும்... அதைச் செய்தால்தான் கதை நகரும். போகிற வழியில் ஒரு கிழவி நிற்பாள். ‘தம்பி, என் ஆட்டுக்குட்டியைக் காணோம், கொஞ்சம் தேடிக் கொடேன்’ என்பாள். தேடிக் கொடுக்கலாம். ‘வேற வேலை இருக்கு பாட்டி’ என்று நடையைக் கட்டவும் செய்யலாம். கதைக்கு ஒரு சேதாரமும் இல்லை. இந்த ஆட்டுக்குட்டி சமாசாரத்துக்குத்தான் சைடு மிஷன், சைடு க்வெஸ்ட் என்று பெயர்.

2002-ல் வந்த ‘வைஸ் சிட்டி’யை நம்மூர் ப்ரௌசிங் சென்டர்களில் விளையாடாத பையன்கள் குறைவு. அதன் நாயகன் டாமி பக்கா ரவுடி. கொலையும் கொள்ளையும்தான் அவனுடைய மெயின் வேலை. ஆனால், அவன் ஆம்புலன்ஸும் ஓட்டலாம். முதல் கட்டத்தில் ஒரு நோயாளி, இரண்டாவதில் இரண்டு பேர் என்று பன்னிரண்டு கட்டங்கள். மொத்தம் 78 உயிர்களை நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். இந்தப் புண்ணியத்தை அந்த ஆம்புலன்ஸைத் திருடித்தான் செய்தாகணும் என்பது தனிக் கதை!

78 பேரையும் காப்பாற்றினால்? டாமிக்கு மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற வரம் கிடைக்கும். தீயணைப்பு வண்டியை ஓட்டி முடித்தால் நெருப்பு அவனைச் சுடாது. உதவி செய், கூலி வாங்கிக்கொள்!

இந்தக் கணக்கைக் கிண்டல் செய்த விளையாட்டும் உண்டு. 2017-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஒரு ‘ஸெல்டா’ விளையாட்டில், தேசம் முழுக்க 900 குட்டி வனதேவதைகள் ஒளிந்திருக்கும். கல்லைப் புரட்டி, மரம் ஏறி 900-ஐயும் கண்டுபிடித்தவருக்கு என்ன பரிசு தெரியுமா? தங்க நிறத்தில்... மன்னிக்கவும், சாணி உருண்டை மாதிரி ஒன்று. ‘பரிசுக்காகவா இத்தனை நாள் தேடினாய்?’ என்று விளையாட்டே கேட்டுச் சிரிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாழ்க்கையில் எது நம் மெயின் வேலை, எது சைடு வேலை? அதை யார் முடிவு செய்வது?

விளையாட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. உதவி கேட்பவரின் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி தொங்கும். செய்து முடித்தால் பட்டியலில் டிக் விழும். முக்கியமாக, அந்தக் கிழவி காத்திருப்பாள். நீங்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே இடத்தில், அதே முகத்தோடு ஆட்டுக்குட்டிக்காக நின்றுகொண்டிருப்பாள்.

நம் பாட்டிகள் காத்திருப்பதில்லை. ‘ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போடா’ என்று போனில் கேட்ட பெரியம்மாவுக்கு, ‘ப்ராஜெக்ட் முடியட்டும் பெரியம்மா’ என்று சொல்லிவிட்டு, பிறகு காரியத்துக்குப் போய் நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2000-ல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ என்ற ஸெல்டா விளையாட்டு இந்த இடத்தைத் தொட்டது. மூன்றே நாளில் நிலா விழுந்து ஊர் அழியப்போகிறது. அந்த ஊரில் கல்யாணத்துக்கு நிச்சயமான ஒரு ஜோடி பிரிந்து கிடக்கிறது. அவர்களைச் சேர்த்துவைப்பது கட்டாயமில்லை. செய்வதென்றால் மூன்று நாளும் சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இருக்கணும். ஒரு வேளை தவறினாலும் போச்சு. கடைசியில், நிலா விழுவதற்குச் சற்று முன்னால் இருவரும் சந்திப்பார்கள். அடுத்து நாம் பெரும்பாலும் காலத்தை முதல் நாளுக்கே திருப்பிவிடுவோம். திருப்பினால் மறுபடியும் பிரிந்துபோவார்கள். நாம் செய்தது நம்மைத் தவிர யாருக்கும் நினைவிருக்காது. அந்த விளையாட்டை ஆடியவர்களைக் கேளுங்கள், ராட்சசனை வென்ற கதையைவிட இந்த ஜோடியின் கதையைத்தான் முதலில் சொல்வார்கள்.

உபரி வேலைகளிலேயே பிரபலமானது எது தெரியுமா? மீன்பிடிப்பது! போர், மந்திரம், பூதம் எதுவாக இருந்தாலும் நடுவில் நாயகன் ஒரு தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஹாயாக உட்காருவான். 1998-ல் வந்த ஸெல்டாவில் ஏரிக்கரையில் ஒரு மீன்குளம் உண்டு. உள்ளே போக இருபது ‘ருப்பீ’ கட்டணம். ஆமாம், அந்தக் கற்பனை நாட்டின் காசுக்கும் பெயர் அதுதான்.

இருபது ருப்பீ கொடுத்து விளையாட்டாக மீன் பிடிக்கும் உலகத்திலிருந்து, மீனே பிழைப்பாக இருக்கும் ஏரிக்கு வாருங்கள்.

பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே பஸ் பிடித்தால் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய பழைய கல்லறைகளையும் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் போகிறோம். இறால் வறுவல் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்புகிறோம். நமக்கு அது சைடு ட்ரிப். கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் என்று சுற்றியிருக்கும் மீனவக் கிராமங்களுக்கு அதுதான் பாடு.

‘பாடு’ என்ற இந்தச் சின்னச் சொல்லுக்குள் எத்தனை அர்த்தம்! ‘பாடுபட்டு வளர்த்தேன்’ என்றால் உழைப்பு. ‘படாத பாடு’ என்றால் துன்பம். ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி?’ என்றால் வலையில் கிடைத்தது. பழவேற்காட்டில் இன்னோர் அர்த்தமும் உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்ற முறைக்கும் ‘பாடு’ என்றே பெயர்.

இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. நீரோட்டமுள்ள சில இடங்களில்தான் நிறைய வரும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் உரிமையுள்ளவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை இன்னொருவருக்கு விட்டுத்தரணும். சர்க்கார் வந்து சொல்லிக்கொடுத்த சட்டம் இல்லை. தலைமுறைகளாக அவர்களே காத்துவரும் ஒழுங்கு.

அவரவர் பாட்டை அவரவர் பார்ப்பதில் எவ்வளவு நியாயம் இருக்க முடியுமோ, அவ்வளவும் இதில் இருக்கிறது. இந்த நியாயத்தின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் பாடு. அந்தச் சமூகத்தில், அந்தக் குப்பத்தில் பிறந்தால்தான் பட்டியல். அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

நாம் எல்லோருமே இப்படி ஒரு பட்டியலோடுதான் வாழ்கிறோம். என் வீடு, என் பிள்ளை, என் ஆபீஸ், என் இ.எம்.ஐ. பட்டியலுக்கு வெளியே இருப்பவர் கேட்டால் அது உபரி. முடிந்தால் செய்வோம், இல்லாவிட்டால் ‘நான் உண்டு, என் பாடு உண்டு’ என்று போய்விடுவோம்.

கடலில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பக்கத்துப் படகு கவிழ்ந்தால் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போவது மீனவர்களின் வழக்கம். கவிழ்ந்தது நேற்றுவரை சண்டை போட்ட ஆளாகவே இருக்கட்டும்... கரைக்கு வந்து மறுபடி சண்டை போட்டுக்கொள்ளலாம். கப்பல்களுக்கான 1974-ம் வருட சர்வதேச ஒப்பந்தமும், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போவதைக் கப்பல் தலைவனின் கடமையாகவே வைத்திருக்கிறது. நிலத்தில் இஷ்டமாக இருப்பது நீரில் கட்டாயம்.

அந்த வழக்கத்தை அவர்கள் நிலத்துக்கும் கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தார்கள். 2018 ஆகஸ்ட்டில் கேரளா மூழ்கியபோது, கடற்கரைக் கிராமங்களிலிருந்து லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு, கேட்டேயிராத ஊர்களுக்குப் போனார்கள். பெண்கள் படகில் ஏறுவதற்காக ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து தன் முதுகையே படியாக்கிய காட்சியை நாடே பார்த்தது. அந்த அரசு ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. ‘உயிரைக் காப்பாத்தினதுக்குக் கூலியா? வேணாம்’ என்று சிலர் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். வாங்கியவர்களைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. சுவரிலும் கேட்டிலும் மோதி அடிபட்ட படகுகளில்தான் மறுநாள் அவர்கள் தங்கள் பாட்டைப் பார்க்கணும்.

இதில் தத்துவவாதிகளுக்குள் ஒரு பஞ்சாயத்து உண்டு. 1958-ல் உர்ம்ஸன் என்ற ஆங்கிலேயர், ‘கடமைக்கு மேற்பட்ட நற்செயல் என்று ஒன்று இருக்கிறது. செய்தால் மகத்துவம், செய்யாவிட்டால் குற்றம் இல்லை’ என்றார். 1972-ல் பீட்டர் ஸிங்கர் என்ற ஆஸ்திரேலியர் வேறு மாதிரி கேட்டார். போகிற வழியில், ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உங்கள் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான். இறங்குவது உங்கள் இஷ்டம் என்றா சொல்வீர்கள்? கண்ணெதிரே இருக்கும் குழந்தைக்குக் கடமை என்றால், தூரத்தில் பட்டினி கிடக்கும் குழந்தைக்கு மட்டும் அது எப்படி தருமமாக, உபரியாக மாறும்?

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், குளக்கரையில் நிற்கும் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை 1973-ல் வெளியான ஓர் ஆய்வுதான் காட்டியது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்த 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அது ஏற்பாடு என்று மாணவர்களுக்குத் தெரியாது. அவகாசம் இருந்தவர்களில் 63 சதவிகிதம் பேர் உதவினார்கள். ‘லேட்டாயிடுச்சு, சீக்கிரம் போ’ என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவிகிதம். உதவியைப் பற்றிப் பேசப் போன சிலரே அவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள்!

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மெயின் மிஷனில் இருந்தார்கள்.

‘அப்போ கேட்கிறவருக்கெல்லாம் ஓடிக்கிட்டே இருந்தா என் குடும்பம் என்ன ஆகும்?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் ஓடியாடி, சொந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட மறந்த அப்பாக்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அவர் அப்பாவாக இருப்பதுதான் மெயின் வேலை. அதை வேறு யாரும் செய்ய முடியாது. எல்லா ஆட்டுக்குட்டியையும் ஒருவரே தேடவும் முடியாது.

அதனால், கேட்பவர் எதிரே நிற்கும்போது இரண்டே இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். இது நாளைவரை காத்திருக்குமா? இதைச் செய்ய இந்த இடத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அது எத்தனை சின்ன வேலையாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் உங்கள் பாடு அதுதான். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பழைய பயமும் இனி வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தந்துவிட்டன.

இன்னொன்றும் உண்டு. நம் பட்டியலில் உபரியாக இருப்பது, கேட்பவரின் பட்டியலில் முதல் வரியில் இருக்கிறது. பழவேற்காட்டில் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும். தூர்ந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. அந்தக் குப்பங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. நமக்கோ, பேப்பரில் ஐந்தாம் பக்கத்துச் செய்தி. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம், இறால் விலை ஏறினால் மட்டும் ஏனென்று கேட்கிறோம். நம் கதைக்கு நாம்தான் நாயகர்கள். அவர்கள் கதையில் நாம், ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போன யாரோ.

அவரவர் பாட்டை அவரவர் பார்ப்பது நல்ல ஒழுங்குதான். அதோடு, நாளில் ஒரு கால் மணி நேரத்தையாவது எதற்கும் ஒதுக்காமல் வைத்துக்கொண்டால், வழியில் கிடப்பவர் கண்ணில் படுவார். என்றைக்காவது ஒருநாள், நம் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏதோ ஓர் ஊரில் நாமும் நின்று கேட்க வேண்டி வரலாம். அன்றைக்கு எதிரே வருகிறவருக்கு அவசரம் இல்லாமல் இருக்கணும்.