யார் மேல் கோபம்?



ஆகாய விமானம் இப்போது நம் குடும்பங்களுக்குப் புதுமையன்று. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கும் மும்பைக்கும் போகிறவர்கள் பீளமேட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய உறவினர் ஒருவரின் அடக்கத்திற்குப் போக நானும் அங்கே நின்றேன். விமானம் ரத்து என்று பலகையில் எழுத்து ஓடியது. (கம்பெனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை.) மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். "எங்க கையில எதுவுமே இல்லீங்க ஃபாதர்" என்றாள். நான் குரலை உயர்த்திச் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத வெட்கமாயிருக்கிறது. அவள் கண் கலங்கிற்று. அடக்கத்திற்கு நான் போய்ச் சேரவில்லை.

கோபங்கொள்வது எப்போதுமே பாவமா? இல்லை என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். அநீதியைக் கண்டு, புத்திக்கு உட்பட்டு எழும் கோபத்தில் குற்றமில்லை. தண்டனைக்கு உரியவனல்லாதவனைத் தண்டிக்க நாடும்போதுதான் அது பாவமாகிறது. அப்படியானால் என் கோபத்தில் நியாயம் இருந்தது; விலாசம்தான் தவறு. சரியான விலாசம் எது?

2025 டிசம்பரில் நாடே இந்தக் கேள்வியோடு விமான நிலையங்களில் காத்துக் கிடந்தது. உள்நாட்டுப் பயணிகளில் 100-க்கு 60 பேருக்குமேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி, 5-ஆம் தேதி ஒரே நாளில் 1,000-க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுப் பணியில் தரையிறக்கங்களை 6-லிருந்து 2-ஆகக் குறைத்த விதி அப்போதுதான் முழுமையாக அமலுக்கு வந்திருந்தது. ஆனால் அந்த விதி 2024 ஜனவரியிலேயே வெளியானது. திட்டமிடுவதில் பிழை நேர்ந்ததென்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆகவே ஓய்வு கேட்ட விமானிகளைக் குறை கூறுவதும் தவறான விலாசமே. தூங்காதவன் கையில் தன் பிள்ளையை ஒப்படைக்க யார் சம்மதிப்பார்? அரசாங்கமோ இரவுப் பணி விதியைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது. யாரோ செய்த பிழைக்கு விமானியின் தூக்கம் ஈடாயிற்று! பயணிகளின் ஏச்சை வாங்கிக்கொண்டதோ மேசையில் நின்ற பிள்ளைகள்.

நம் ஊர்த் தனியார் பஸ் வழியில் நின்றுபோனால் என்ன நடக்கிறது? கண்டக்டர் பின்னால் வரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி நம்மை ஏற்றிவிடுகிறார். இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தருகிறார். அவர் முகத்தில் சிரிப்பைத் தேடவேண்டாம், ஆனால் காரியம் அவர் கையில் இருக்கிறது. விமானக் கம்பெனிகளின் சேவை குறைந்துவிட்டதென்று நாம் சொல்லும்போது பணிவு குறைந்ததாகவே நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணிவை ஒருவரிடமும் அதிகாரத்தை வேறொருவரிடமும் பிரித்து வைத்துவிட்டார்கள். முகம் காட்டுகிறவருக்கு அதிகாரமில்லை. அதிகாரம் உள்ளவர் முகம் காட்டுவதில்லை. பயணியின் கோபத்தைத் தாங்கும் மதிலாக ஒரு வேலையாளை நிறுத்துவது பயணிக்குச் செய்யும் அநீதி மட்டுமன்று. அந்த வேலையாளுக்குச் செய்வது அதைவிடப் பெரிது.

நமக்கும் இதில் பங்கில்லையா? 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தபின்தான் மலிவுக் கட்டணத்தில் சாதாரண ஜனங்களும் பறந்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் 200 ரூபாய் குறைவென்று கண்டால் வேறொன்றும் கேளாமல் அந்தச் சீட்டையே வாங்குகிறோம். அந்த 200 ரூபாயில் எந்த மேசையில் எத்தனை ஆள் குறைந்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பங்குக்குத் திரும்பியதும் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பணம் கேட்டு அல்ல. இன்ன நாள், இன்ன மேசையில் நின்ற பெண்ணிடம் என் மன்னிப்பைத் தெரிவிக்கும்படி. ஒரே நிமிஷத்தில் மின்னஞ்சலில் பதில் வந்தது. தங்கள் புகார் பதிவாகிவிட்டது என்றிருந்தது. கீழே யார் பெயரும் இல்லை.