துருவும் தாரும்

தகரக் கூரையில் ஒரு நெளிவுக்கும் அடுத்த நெளிவுக்கும் இடையே சுமார் 76 மில்லிமீட்டர் இருக்கும். 1:50 அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர். எம்10 போல்ட்டின் புரி இடைவெளியும் அதேதான். சாப்பாடு கட்டித்தரும் அலுமினியத் தட்டை வெட்டி, ரப்பர் விரிப்பில் வைத்து, புரிக்கம்பியை அழுத்தி உருட்டினால் கூரை தயார். கோடுகள் மூன்று டிகிரி சாயும். அதற்கேற்ப ஓரத்தை வெட்டிக்கொண்டால் போதும்.

நான் செய்துகொண்டிருந்தது பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயம். ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனத்துப் பெட்டிகளில் அந்த ஊர்ப் பண்ணைவீடுகள் கிடைக்கும். லயத்தை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. எல்லாவற்றையும் கையால்தான் செய்யவேண்டும். காப்பி கலக்கும் குச்சியைக் கீறி ஆறு அங்குலப் பலகைகள், ஊசிமுனையால் குத்திய ஆணித்தலைகள், செப்புக்கம்பியில் கதவுக் கொண்டி.

ஆதாரம் ஒரே ஒரு படம். செம்பனை நடுவதற்காக லயத்தை இடிக்குமுன் மாமா எடுத்தது. கூரையெல்லாம் துரு, வெடித்த பலகை, கால்வாயில் பாசி. அதை அப்படியே கொண்டுவந்தேன். துருவுக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. பார்த்த நண்பர்கள், “உண்மையான வீடு மாதிரியே இருக்குடா” என்றார்கள்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கய்யா. ஆனா நாங்க இருந்தப்ப வீட்ட இப்படியா போட்டு வச்சிருந்தோம்?”

படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆட்கள் போன பிறகு எடுத்த படம். தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடித்த சுவர் அதில் இல்லை. கைவிடப்பட்ட வீட்டைத்தான் நான் பாட்டியின் வீடு என்று நம்பியிருக்கிறேன். அந்தத் துரு எனக்கு ஏன் அவ்வளவு அழகாகத் தெரிந்தது? அதன் கீழே படுத்து உறங்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லாததால்தான். தோட்டத்தைப் பற்றிக் கதை எழுதும்போதும் என் தலைமுறை இதையே செய்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

அப்படியானால் பளபளவென்று ஒரு கூரை போட்டுவிடலாமா? அதுவும் பொய். அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தவர்களை நல்லவர்களாக்கும் பொய்.

“கூரை ஒழுகலையா பாட்டி?”

“ஒழுகாம? அடுப்புக்கு நேரா ஊத்தும். ரோடு போடுற எடத்துல தாரு வாங்கியாந்து தாத்தா அடைப்பாரு. அடுத்த மழைக்கு வேற எடத்துல ஒழுகும்.”

எனக்கு வேண்டிய நுணுக்கம் அங்கே கிடைத்தது. துரு அந்த வீட்டுக்கு நேர்ந்தது. தார் ஒட்டு அதில் வாழ்ந்தவர்கள் செய்தது. ஒட்டு இருந்தால் ஓட்டை இருந்ததும் தெரியும், அதை அடைத்த கையும் தெரியும். அளவு பிசகாமல் செய்வதை நேர்மை என்று நினைத்திருந்தேன். எதை அளப்பது என்று யாரைக் கேட்கிறோம் என்பதும் நேர்மையில் சேர்த்திதான்.

கூரையைப் பிரித்தேன். புதுத் தகடு உருட்டினேன். தாருக்குக் கறுப்புச் சாயத்தைக் குழைத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை ஒட்டு என்று கேட்டேன். பாட்டி விரல்விட்டு எண்ணினார்.

“அஞ்சு. கடைசி ஒண்ணு தாத்தா போன பெறகு நானே ஏறி வச்சது.”