ஊருக்குப் போகும் ரயிலும் உறவுகளின் உரிமையும்

புகழனைத்தும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஅத்.



பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊர் என்பது கடையநல்லூராக, தென்காசியாக, மேலப்பாளையமாக, காயல்பட்டினமாக இருக்கிறது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. பொதிகையில் இடம் கிடைத்ததா, நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்டா என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. எழும்பூரில் இரவு ஏறி காலையில் ஊரில் இறங்கும் இந்தப் பயணத்தை வெறும் அலைச்சலாக ஆக்கிக்கொள்வதும், அல்லாஹ்விடம் கூலி பெற்றுத் தரும் இபாதத்தாக ஆக்கிக்கொள்வதும் உங்கள் நிய்யத்தில்தான் இருக்கிறது. இன்றைய ஜும்ஆவில் இதைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம்.

ஆறு வயதில் ஒரு பயணம்

நம் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் உறவினரைப் பார்ப்பதற்காக நடந்த ஒரு நெடும்பயணம் உண்டு. அப்போது அவர்களுக்கு வயது ஆறு. கணவரை இழந்த அன்னை ஆமினா தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு, உம்மு அய்மன் என்ற பணிப்பெண்ணோடு மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்றார். பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய்வழி உறவினர்களான பனூ நஜ்ஜார் குடும்பத்தார் அங்கே இருந்தார்கள். தந்தை அப்துல்லாஹ் அடக்கம் செய்யப்பட்டிருந்ததும் அந்த ஊரில்தான்.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர். 2018-இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயில் அந்தத் தூரத்தை இன்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அன்றைக்கு அது பாலைவனத்தில் ஒட்டகத்தின் மீது பல நாள் பயணம். ஒரு விதவைத் தாய் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார். ஏன்? தந்தையைப் பார்த்திராத பிள்ளை, தந்தை வழிச் சொந்தங்களையாவது பார்த்து வளரட்டும் என்பதைத் தவிர அதில் வேறென்ன இருக்க முடியும்?

திரும்பும் வழியில் அப்வா என்ற இடத்தில் அன்னை ஆமினா இறந்துபோனார். உம்மு அய்மன்தான் பிள்ளையை மக்காவுக்கு அழைத்து வந்தார்.

அந்தப் பயணம் வீணாகப் போயிற்றா? இல்லை. பல ஆண்டுகள் கழித்து மதீனாவில் அந்த வீட்டைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், தாயார் தங்கியிருந்த இடத்தையும், பனூ நஜ்ஜார் கிணற்றில் நீந்தப் பழகியதையும் நினைவுகூர்ந்ததாக இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். 53-ஆம் வயதில் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று ஆளாளுக்கு அழைத்தார்கள். பாட்டனாரின் மாமன்மாரான பனூ நஜ்ஜாரிடம் தங்கி அவர்களைக் கண்ணியப்படுத்தப்போவதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள் என்ற செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஒரு தாய் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற சொந்தம், 47 ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையைக் கண்ணியத்தோடு வரவேற்றது.

சகோதரர்களே, உங்கள் பிள்ளைக்கு ஊரில் உள்ள பெரியம்மாவையும் மாமாவையும் தெரியுமா? போனில் முகம் பார்த்திருக்கிறான். அந்த வீட்டு முற்றத்தில் விளையாடியிருக்கிறானா? நாளை நீங்கள் இல்லாதபோது அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள்தானே காட்டித் தர வேண்டும்!

போனில் பேசினால் போதாதா?

போனில் பேசுவதும் நன்மைதான். கையில் பணமில்லாதவர், விடுப்புக் கிடைக்காதவர், உடல் நலமில்லாதவர் அதைக் கொண்டாவது உறவைப் பேணட்டும். அல்லாஹ் எவரையும் அவரது சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை.

ஆனால் போக முடிந்தும் போகாமல் இருப்பவர் யோசிக்க வேண்டும். பெற்றோரை அழவிட்டு ஹிஜ்ரத் செய்ய வந்த ஒருவரை, திரும்பிப் போய் அவர்களை அழ வைத்தது போலவே சிரிக்க வையுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள் (அபூதாவூத்). ஹிஜ்ரத்துக்கே இந்த நிலை என்றால், நம்முடைய வேலைக்கும் வியாபாரத்துக்கும் என்ன நிலை?

வயதான உம்மா ரயிலேறி உங்களைத் தேடி வரட்டும் என்று நினைக்காதீர்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. காசும் கால் வலியும் அவர்களுக்கு ஏன்? நீங்கள் போங்கள்.

டிக்கெட்டும் அமானத்தே

நன்மையைத் தேடிப் போகும் பயணம் பொய்யோடு தொடங்கக் கூடாது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் தனி பெர்த் கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். இது சட்டம். நாம் என்ன செய்கிறோம்? ஏழு வயதுப் பிள்ளையிடம், "டிடிஆர் கேட்டால் நாலு வயசுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஏழு வயதில் பிள்ளையைத் தொழ ஏவுங்கள் என்பது நபிமொழி. தொழ ஏவ வேண்டிய வயதில் பொய் சொல்ல ஏவினால், அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தில், பெற்றோர், உறவினர், அண்டை வீட்டார் வரிசையில், அருகில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அது பயணத்தில் உடன் வருபவரையும் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, எதிர் பெர்த்தில் இருப்பவருக்கு உங்கள் மீது ஹக் இருக்கிறது. கீழ் பெர்த் உங்களுக்குக் கிடைத்து, ஏற முடியாத முதியவர் மேல் பெர்த்தோடு நின்றால் மாற்றிக் கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பேசி, போனில் வீடியோ ஓடவிட்டு மற்றவர் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

தொழுகையை விட்டுவிடாதீர்கள்

பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள அல்லாஹ் அனுமதி தந்திருக்கிறான் (4:101). விட்டுவிட அனுமதி தரவில்லை. லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். ஃபஜ்ரும் மஃரிபும் அப்படியேதான். ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே இந்தச் சலுகை தொடங்கும். ஆகவே சென்னைவாசிகள் எழும்பூரில் ரயிலேறுமுன் இஷாவை முழுமையாகத் தொழுதுவிடுங்கள்.

மதுரைப் பக்கம் வரும்போது ஃபஜ்ர் வக்து வந்துவிடும். அலாரம் வைத்து எழுங்கள். பெட்டியில் தண்ணீர் இருக்கும்போது உளூ செய்துதான் ஆக வேண்டும். நிற்க முடிந்தவர் நின்று, கிப்லாவை அறிந்துகொண்டு, பிறர் நடக்கும் வழியை மறிக்காமல் தொழுங்கள்.

ஊரில் தங்கும்போது, ஹனஃபி மத்ஹபில் 15 நாட்களுக்குக் குறைவாகத் தங்குபவர் சுருக்கித் தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சொந்த ஊரையே இன்னும் வதனாக வைத்திருப்பவர் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். குடியிருப்பையே சென்னைக்கு மாற்றிக்கொண்டவர் தம் நிலைமையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?

ஊருக்குப் போகிறோம். நமக்குப் பிடித்தவர் வீட்டுக்கெல்லாம் போகிறோம். அதே தெருவில் ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போகிறோம். பாகம் பிரித்ததில் வந்த சண்டை, கல்யாணத்துக்கு அழைக்காத கோபம். பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைப் பேணுபவர் அல்லர். முறிந்த உறவைச் சேர்ப்பவரே பேணுபவர் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த அளவுகோல் (புகாரி). உங்களை வரவேற்கும் வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் முடியும். உங்கள் ஈமான் சோதிக்கப்படுவது அந்த இன்னொரு வீட்டு வாசலில்தான். ஸலாத்தை முந்திச் சொல்பவரே சிறந்தவர். நீங்கள் முந்துங்கள்.

இன்னொன்றையும் அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்ல வேண்டும். வாப்பா மவுத்தாகி வருடங்கள் ஆகியும் ராத்தாவின் பங்கைப் பிரித்துக் கொடுக்காமல், ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவளும் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்டால் தம்பி வருவதும் நின்றுவிடுமோ என்ற பயம். பெற்றோர் விட்டுச் சென்றதில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று விதித்தவன் அல்லாஹ் (4:7). இனிப்புப் பெட்டி அந்தப் பங்குக்கு ஈடாகாது. இந்த முறை போகும்போது அந்தப் பத்திரத்தையும் பையில் வையுங்கள்.

பெற்றோர் இல்லாதவர்கள், ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். கபுர் ஸியாரத் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் தாயின் கபுரருகே நின்று அழுதார்கள். சுற்றியிருந்தவர்களும் அழுதார்கள் (முஸ்லிம்). வாப்பாவின் நண்பர்கள் இருக்கிறார்கள். தந்தையின் அன்பர்களோடு உறவைத் தொடர்வதும் தந்தைக்குச் செய்யும் நன்மையே என்று நபிமொழி சொல்கிறது.

பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று. பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும் துஆவும் அப்படியே. ரயிலில் நீங்கள் கேட்டுக்கொண்டே போங்கள். அங்கே உம்மா கேட்டுக்கொண்டே காத்திருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை உனக்காக ஆக்குவாயாக! முறிந்த உறவுகளைச் சேர்த்து வைப்பாயாக! எங்கள் பெற்றோருக்கு ஆஃபியத்தையும், மறைந்தோருக்கு மஃபிரத்தையும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.