அடைக்கலம் என்னும் சொல்

உலகிலே எதனையும் சாராது வாழும் உயிர் இல்லை. குழந்தை தாயைச் சார்ந்து வளர்கின்றது. அந்தத் தாய் முதுமையிலே பிள்ளையைச் சார்கின்றாள். கமக்காரன் மழையை நம்பி விதைக்கின்றான். வெற்றிலைக் கொடி கொழுகொம்பைப் பற்றிப் படர்கின்றது. இதனாலேதான் ஒன்றை நம்பி நிற்றலைக் குறிக்கத் தமிழிலே சார்பு, பற்றுக்கோடு, துணை, ஆதரவு, கதி, புகல், தஞ்சம், சரண், அடைக்கலம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒரே பொருளுடையன போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடத்தைப் போதிக்கின்றது.

சார்பு என்னும் சொல் சைவசித்தாந்தத்தில் மிகவும் முக்கியமானது. எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைப் பெறுவது ஆன்மாவின் இயல்பு. பளிங்கின் பக்கத்திலே செவ்வரத்தம் பூவை வைத்தால் பளிங்கும் சிவப்பாய்த் தோன்றும். கரித்துண்டை வைத்தால் கறுப்பாய்த் தோன்றும். அதுபோல ஆன்மா பாசத்தைச் சார்ந்தால் பாசத்தின் வண்ணமாகின்றது. பதியைச் சார்ந்தால் பதியின் வண்ணமாகின்றது. ஆகவே சாராமல் இருப்பது எப்படி என்பதல்ல, எதனைச் சார்வது என்பதே கேள்வி.

பற்றுக்கோடு என்னும் சொல்லிலே கோடு என்பது மரக்கொம்பைக் குறிக்கும். வெள்ளத்தில் அகப்பட்டவன் கைக்கு எட்டிய கொம்பைப் பிடிப்பதுபோன்ற பிடிப்பு அது. பொருளைப் பற்றினால் பற்று. இறைவன் திருவடியைப் பற்றினால் பற்றுக்கோடு. முன்னையது கட்டும், பின்னையது கரைசேர்க்கும்.

கதி என்றால் சென்று சேரும் இடம், புகலிடம். அது இல்லாதவன் அகதி. இந்தச் சொல்லின் பொருளை ஈழத்துத் தமிழ் மக்கள் அகராதியிலே படித்து அறியவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். வீடும் காணியும் நகையும் பற்றுக்கோடு என்று எண்ணியிருந்தவர்களுக்கு ஒரே இரவில் அவை ஒன்றும் இல்லாமற் போயின. அன்று கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் முன்பின் அறியாதவர்களின் வீட்டு விறாந்தைகளுமே கதியாயின. இறைவன் தந்த புகலிடம் மனிதர் கதவைத் திறந்த இடத்திலேதான் இருந்தது.

இங்கேதான் அடைக்கலம் என்னும் சொல் ஏனையவற்றிலிருந்து வேறுபடுகின்றது. மணிவாசகப் பெருமான் திருவாசகத்திலே அடைக்கலப்பத்து என ஒரு பதிகமே அருளியுள்ளார். தன்னை முழுதாக இறைவனிடம் ஒப்படைத்து, இனிக் காப்பது உன் பொறுப்பு என்று நிற்கும் நிலை அது. ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளுக்கும் அடைக்கலம் என்றே பெயர். ஆகவே இச்சொல் அடைபவரை மட்டுமல்ல, ஏற்பவரையும் கட்டுப்படுத்துகின்றது.

ஈழத்திலே வற்றாப்பளை முதலிய தலங்களில் தெய்வமாக வழிபடப்படும் கண்ணகியின் வரலாற்றிலே இதனைக் காணலாம். மதுரையின் புறத்தே கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுத்தார். கோவலன் கொலையுண்டதற்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். ஆயினும் அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே என்று அவள் தீயிற் புகுந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது.

தம்பிரான் தோழரான சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறும் இதற்குச் சான்று. அவர் திருவொற்றியூரிலே உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்கு மகிழமரத்தின் கீழ்ச் சத்தியம் செய்தார். பின்பு திருவாரூர் நினைவு மேலிட அச்சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். உடனே இரு கண்ணும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்திலே இறைவன் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தார். காஞ்சியிலே இடக்கண்ணும் திருவாரூரிலே வலக்கண்ணும் பெற்றார். ஆரூர்ப் பெருமானைக் காண வேண்டும் என்ற ஆசை குற்றமல்ல. தம்மை நம்பியவரைக் கைவிட்டுப் போனதே குற்றம். தோழர் என்பதற்காக இறைவன் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் விழாமல் நடக்க ஊன்றுகோலையும் அவரே கொடுத்தார்.

இன்று எத்தனையோ வீடுகளிலே முதியவர்கள் தனித்திருக்கின்றார்கள். பிள்ளைகள் கடல் கடந்து உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புகின்றார்கள். அது துணைதான். ஆயினும் மருந்து எடுத்துக் கொடுக்கவும், சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஒரு மனிதர் வேண்டும். தூரத்தில் உள்ள பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு ஆறுதலாகப் பத்து நிமிடம் கதைப்பதும், அயல்வீட்டார் பொழுதுபடும் நேரத்தில் படலையைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் அடைக்கலம் காத்தலே ஆகும். திருவிழாக் காலத்தில் மூலஸ்தானத்தை நோக்கி நீயே கதி என்று கைகூப்புகின்றவர், வீட்டுத் திண்ணையிலே தம்மையே கதி என்று பார்த்திருக்கும் கண்களை மறத்தல் ஆகாது.

சார்ந்ததன் தன்மை சார்ந்தவருக்கு வரும் என்பது சித்தாந்தம். அடியவரைக் கைவிடாத இறைவனை உண்மையாகச் சார்ந்தவருக்கு, தம்மை நம்பியவரைக் கைவிடாத தன்மையும் வரவேண்டும். அதுவே சார்பு உண்மையானது என்பதற்கு அடையாளம்.

அடைந்தாரைக் காக்கும் எம்பெருமான், ஊரார் அனைவரையும் ஒருவருக்கொருவர் நிழலாக வாழும்படி அருள்புரிவாராக.

மேன்மைகொள் சைவநீதி ஓங்குக.