தெரியாது என்பதற்கு ஒரு கட்டம்

முல்லைத்தீவிலிருந்து ரொறன்ரோவுக்கு மகனிடம் போகும் ஒரு தாயின் பெட்டியில் என்ன இருக்கும் என்று வன்னியில் எவரும் சொல்லிவிடுவார்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், கருவாடு, துணியில் முடிந்த பாகல் விதை. அதோடு அயலார் தந்துவிட்ட இரண்டு பொதிகள். "பிள்ளையிட்டை ஒருக்காக் குடுத்துவிடுங்கோ அக்கா" என்று நீட்டப்படும் பொதியைப் பிரித்துப் பார்த்தால் தந்தவரைச் சந்தேகிப்பதாகிவிடும். அப்படியே வாங்கி வைப்பதுதான் பண்பு.

அந்தத் தாய் போய் இறங்கும் நாடு அவரிடம் சில கேள்விகள் கேட்கிறது. இறைச்சி, பழம், செடி, விதை ஏதும் கொண்டுவருகிறீர்களா? பத்தாயிரம் டொலரோ அதற்கு மேலோ பணம் இருக்கிறதா? முன்பு இவற்றுக்கு விமானத்தில் தரும் அட்டையில் பேனாவால் பதில் எழுதினார்கள். 2017 முதல் கனடாவின் பெரிய விமான நிலையங்களில் அட்டையின் இடத்துக்குத் தொடுதிரைகள் வந்தன. இப்போது வந்து சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்திலேயே பதிலளித்துவிடலாம். இந்தியாவும் 2019இல் இதற்கென 'அதிதி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. வரிசை குறைகிறது, களைத்து இறங்குகிறவர் சீக்கிரம் வெளியே வருகிறார். இந்த நன்மையை மறுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புகிறவர் தாயாக இருப்பதில்லை. மகன் வேலை முடிந்து வந்து, கடவுச்சீட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று அழுத்திவிடுகிறான். அந்நேரம் தாய் பெட்டி அடுக்கிக்கூட முடித்திருக்கமாட்டார். அந்த 'இல்லை' யாருடைய வாக்கு?

சட்டத்தைக் கேட்டால் பயணியுடையது என்று சொல்லும். சொல்லாமல் கொண்டுபோன உணவுக்கும் செடிக்கும் கனடாவில் தண்டம் 1,300 டொலர் வரை போகும். அதைக் கட்டவேண்டியவர் தாய். ஆனால் பொய் என்பது தெரிந்தே சொல்வது. தாய் எதையும் சொல்லவில்லை. மகனுக்கோ பெட்டியில் இருப்பது தெரியாது. பொய் சொன்னவர் என்று ஒருவரும் இல்லாமலே ஒரு பொய் அரசின் ஏட்டில் ஏறிவிடுகிறது. காகித அட்டையில் இது நடக்காமல் இல்லை. ஆனால் அப்போது பக்கத்து இருக்கைக்காரர் எழுதிக்கொடுத்தாலும், அவர் கேட்டுத்தான் எழுதினார்.

வன்னியில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பழைய கனம் உண்டு. 1990களில் அரசின் பொருளாதாரத் தடையின்போது தாண்டிக்குளம் சாவடியைக் கடந்து பற்றரி, சீமெந்து, பசளை, எரிபொருள் எதையும் நினைத்தபடி கொண்டுபோக முடியாது. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தையில் இராணுவத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, அப்பால் விடுதலைப் புலிகளின் வரி வாங்கும் ஆயப்பகுதிக்கு மறுமுறை திறக்கவேண்டியிருந்தது. ஓமந்தைச் சாவடி 2015 வரை நின்றது. தடுப்புக் கம்பத்துக்கு அருகில் நின்று கேட்கப்படும் கேள்வி பறிப்பதற்கே என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. சேலை மடிப்புக்குள் இரண்டு பற்றரி மறைத்துக் கொண்டுபோன பெண்ணைப் பொய்காரி என்று பழிக்க முடியாது. ஊரையே இருட்டில் வைத்தவர்களுக்கு அவர் உண்மை கடன்பட்டிருக்கவில்லை.

பாகல் விதையின் கதை அப்படியல்ல. விதையோடு நோயும் பூச்சியும் போகும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2018இல் இலங்கைச் சோளச் செய்கைக்குள் வந்து சேர்ந்தபோது அது என்ன செய்தது என்பதை இங்குள்ள விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதை பற்றிய கேள்வி முன்பின் தெரியாத ஒருவரின் பயிரைக் காக்கக் கேட்கப்படுவது. அதற்கு உண்மைதான் பதில். அநியாயமான சாவடியில் பழகிய மறைப்பை நியாயமான வாசலுக்கும் கொண்டுபோனால், தடை நீங்கிய பிறகும் அந்தத் தடைக்குள்ளேயே வாழ்வதாகும்.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் அரசனின் சுங்க ஆட்கள் பொதிகளுக்குத் தாங்களே புலி முத்திரை இட்டார்கள். கண்டறியும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. பயணி வாயால் சொன்னால் போதும் என்ற இன்றைய முறை மனிதரின் சொல்லை நம்பி நிற்கிறது. அப்படியானால் அந்தச் சொல் அவருடையதாக இருக்க இடம் கொடுப்பதும் கேட்கிற அரசின் கடமை.

திரையில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். அயலார் தந்த பொதியைச் சுமந்து வந்த தாயின் உண்மையான பதில் இரண்டிலும் இல்லை. "தெரியாது தம்பி, நீங்களே திறந்து பாருங்கோ" என்பதுதான் அவர் சொல்லக்கூடிய மிக நேர்மையான வாக்குமூலம். திரைக்கு அப்பால் அலுவலர் இன்னும் நிற்கிறார், அவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் அவர் முன் போய் நிற்கும்போது 'இல்லை' ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மொழி பெயர்க்க ஆளில்லாத இடத்தில், எழுபது வயதில், எழுதப்பட்டதைத் திருத்தத் துணிவு எங்கிருந்து வரும்? மூன்றாவது கட்டம் ஒன்றைத் திரையில் சேர்ப்பது பெரிய செலவல்ல. அதை அழுத்தியவரைக் குற்றவாளியைப் போல ஒதுக்காமல், பெட்டியை அவர் முன்னால் திறந்து பார்த்து அனுப்பினால் போதும்.

அதுவரை மகன் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யலாம். பெட்டியைப் பூட்டிய பிறகு, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்து, தாய் சொல்லும் பதிலை அழுத்தலாம். பத்து நிமிட வேலை. பொதி தருகிறவரும் கேட்குமுன்னரே தன் கையால் முடிச்சை அவிழ்த்து, "அக்கா, இஞ்சை பாருங்கோ, இதுகள்தான் உள்ளுக்கை" என்று காட்டிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொடுக்கலாம்.